கன்னி வேட்டைக்குக் காலம் எது?

சில ஆண்டுகளுக்கு முன், தமிழகத்துக்கு வெளியே ஒரு நகரில் நடைபெற்ற தமிழ் விழாவில், சிறுவர்க்கான மாறுவேடப் போட்டியைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. நான்கு வயதும் நிரம்பாத பிள்ளை ஒன்று கண்ணப்ப நாயனார் கோலத்தில் மேடைக்கு வந்தது. இடையில் வரியிட்ட மஞ்சள் துணி. தோளில் மூங்கில் வில். மேலுதட்டில் கரியால் வரைந்த மீசை. விளக்கொளியையும் கூட்டத்தையும் கண்டு மருண்ட அக்குழந்தை அழத் தொடங்கியது. திரையோரம் நின்ற தந்தையார், ‘அம்பை விடு, அம்பை விடு’ என்று அடிக்குரலில் ஆணையிட்டுக்கொண்டே இருந்தார். அவையினர் சிரித்துக் கைதட்டினர்.

அடுத்துப் பேச எழுந்த அறிஞர் அக்காட்சியையே தம் உரைக்குத் தோற்றுவாயாகக் கொண்டார். ‘ஐந்து வயதில் காட்டில் புகுந்து புலிக்குட்டியைப் பிடித்தவர் திண்ணனார். வேடன் மகன் ஐந்தில் வேட்டையைத் தொடங்கிவிட்டான். உங்கள் பிள்ளை ஐந்தில் எதைத் தொடங்கியிருக்கிறான்?’ என்று வினவினார். ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்ற பழமொழியும் துணைக்கு வந்தது. அவையில் இருந்த பெற்றோர் பலர் தலையசைத்தனர். அந்தத் தலையசைப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

பேச்சாளர் பொய் சொல்லவில்லை; பாதி சொன்னார். பெரியபுராணத்தின் கண்ணப்ப நாயனார் புராணத்தில் ஐந்து வயதும் வருகிறது; புலிக்குட்டியும் வருகிறது. ஆனால் சேக்கிழார் சொல்வது பேச்சாளர் சொன்னதற்கு நேர்மாறானது. ஒரு குழந்தை வேட்டைக்கு எப்போது தகுதி பெறுகிறது என்ற வினாவுக்கு, அவ்வளவு பொறுமையுடன் விடை கூறும் வேறொரு பகுதி நம் இலக்கியத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அப்பகுதியையே அவசரத்துக்குச் சான்றாக்குவது சேக்கிழாருக்கு இழைக்கும் அநீதி. நம் குழந்தைகளுக்கு இழைக்கும் அநீதி அதனினும் பெரிது.

‘இக்காலத்தில் எவர் பிள்ளையை வேட்டைக்கு அனுப்பப் போகிறார்?’ என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், இந்நாட்டில் வேட்டை பெரும்பாலும் குற்றமாகிவிட்டது. ஆயினும், தனக்கும் பிறர்க்கும் ஊறு விளைவிக்கக்கூடிய ஒரு செயலில் குழந்தையை எப்போது இறக்கிவிடலாம் என்ற வினா ஒழிந்துவிடவில்லை. வேட்டையில் அவ்வினா மறைப்பின்றி நிற்கிறது. விட்ட அம்பு மீளாது. தவறின் விலை உயிர். ஆகவே, அங்கே பெற்றோர் எப்படி முடிவு செய்தனர் என்பதைக் கற்றுக்கொள்வது வீண் ஆராய்ச்சி அன்று.

புலிவாயில் நீண்ட கை

பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவன் நாகனுக்கும் அவன் மனைவி தத்தைக்கும் நெடுங்காலம் மகப்பேறு இல்லை. முருகனை வேண்டிப் பெற்ற மகன் திண்ணன். தூக்கிய கைகளுக்குத் திண்ணென்று கனத்தமையால் அப்பெயர் இட்டனர். அக்குழந்தை தளர்நடை பழகும் பருவத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சேக்கிழார் காட்டுகிறார்.

வேடர் குடியிருப்பில் ‘பார்வை’ எனப்படும் விலங்குகள் உண்டு. காட்டு விலங்குகளை ஈர்த்துப் பிடிப்பதற்காகப் பழக்கி வைக்கப்பட்டவை அவை. அத்தகைய புலியொன்றின் திறந்த வாயைக் குகை என்று எண்ணிக் குழந்தைத் திண்ணன் தன் கையை அதனுள் நீட்டுகிறான்.

இக்காட்சி நம் மேடைப் பேச்சாளர் கையில் கிடைத்திருந்தால், ‘புலிக்கும் அஞ்சாத பிள்ளை! பிறவி வேட்டுவன்!’ என்று முழங்கியிருப்பார். ஆனால் நாகன் மேடைப் பேச்சாளன் அல்லன். புலியை அறிந்த வேடன். அவன் கைதட்டவில்லை. பரிவோடு ஓடி வந்து, ஒரு பசுந்தழையைக் கையிலெடுத்து ஓங்கி மகனை அச்சுறுத்துகிறான். குழந்தையின் கண்களில் நீர் நிறைகிறது. தாய் முத்தமிட்டு அதை ஆற்றுகிறாள்.

இங்கே நோக்கத்தக்கவை இரண்டு. ஒன்று, குழந்தையின் அச்சமின்மையை நாகன் வீரமாகக் கணக்கிடவில்லை. புலி இன்னதென்று அறியாத கை புலிவாயில் நுழைவது அறியாமையே. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதவரை வள்ளுவரும் அறிவுடையோர் வரிசையில் வைக்கவில்லை. மற்றொன்று, அவன் ஓங்கியது தடி அன்று, தழை. அச்சத்தைக் கற்பிக்க வேண்டும். ஆனால் குழந்தையை ஒடிக்கக் கூடாது என்ற அளவு அந்தத் தந்தைக்குத் தெரிந்திருந்தது.

‘என் பிள்ளை எதற்கும் பயப்படமாட்டான், அவன் தயார்’ என்று பெருமை பேசும் பெற்றோரை நாம் நாள்தோறும் காண்கிறோம். எதற்கும் அஞ்சாத பிள்ளை எதற்கும் தயாராகாத பிள்ளை. வேட்டைத் தகுதியின் முதற்படி அச்சமின்மை அன்று. அஞ்சத்தக்கது எது என்ற அறிவே.

ஐந்தாம் ஆண்டில் நிகழ்ந்தது என்ன?

இனி, பேச்சாளர் சுட்டிய ஐந்து வயதுக்கு வருவோம். அதற்கு முன் திண்ணன் என்ன செய்துகொண்டிருந்தான்? துடி என்னும் பறையின் கட்டையை உருட்டி ஓடினான். நாயைப் பிணிக்கும் கயிற்றைப் பற்றி அறுத்தான். வேட்டுவச் சிறுமியர் இழைத்த மணல் வீடுகளைக் காலால் சிதைத்தான். விளையாட்டுத்தான், ஆனால் விளையாட்டுப் பொருள்கள் எல்லாம் வேட்டைக் குடியின் பொருள்கள். எவரும் அவற்றைக் கொடுத்துப் பாடம் நடத்தவில்லை. அவை முற்றத்தில் கிடந்தன, அவன் எடுத்துக்கொண்டான்.

ஐந்து கடந்தபின், ஒத்த வயதுச் சிறுவரோடு குடியிருப்பைச் சூழ்ந்த வேலிக்கு அப்பால் போகிறான். எங்கே? பெருங்காட்டுக்கா? அன்று. வேலியை அடுத்த சிறு காட்டுக்கு. கையில் வில்லோடா? அன்று. முயற்குட்டி, பன்றிக்குட்டி, புலிக்குட்டி, செந்நாய்க்குட்டி ஆகியவற்றைத் துரத்தி ஓடிப் பிடிக்கிறான். பிடித்துக் கொன்றானா? அங்கேதான் பேச்சாளர் விட்டுவிட்ட மறுபாதி இருக்கிறது. பிடித்தவற்றை வீட்டு முற்றத்து மரங்களில் கட்டி வளர்க்கிறான்.

இதற்கு வேட்டை என்று பெயரா? ஐந்து வயதுத் திண்ணன் ஓடக் கற்கிறான். தடம் பார்க்கக் கற்கிறான். விலங்கின் விரைவும் தன் விரைவும் அறிகிறான். அனைத்தினும் மேலாக, இளங்குட்டிகளோடு வாழக் கற்கிறான். கொல்லும் கலை அவனுக்கு இன்னும் தொடங்கவே இல்லை. அந்தி வந்தால் முதிய குறத்தி காப்புப் புகை காட்டி, ஊட்டி, உறங்க வைக்கிறாள். காலையில் மீண்டும் விளையாட்டு. புலிக்குட்டியைத் துரத்தும் பிள்ளைக்கும் இரவில் ஊட்டிவிட ஒருத்தி வேண்டியிருக்கிறது என்பதைச் சேக்கிழார் மறக்கவில்லை. நாம்தாம் மறந்துவிடுகிறோம்.

‘ஐந்தில் வளையாதது’ என்ற பழமொழியை எடுத்துக்கொண்டால், ஐந்தில் வளைய வேண்டியது பிள்ளையின் உடலும் உள்ளமும் ஆகும், வில் அன்று.

செவ்வி என்னும் சொல்

சில ஆண்டுகள் கழிகின்றன. வில் பயிலும் பருவம் வருகிறது. நாகன் மகனை ஆரத் தழுவி மகிழ்கிறான். அப்போதும் அவன் தானே ஆசானாகித் தனியே முடிவெடுத்துவிடவில்லை. வில்தொழிலில் தேர்ந்த முதியவர்களை அழைத்துக் கலந்து நாள் குறிக்கிறான். சுற்றியுள்ள வேடர்க்கெல்லாம் செய்தி அனுப்புகிறான். ஊர் கூடி விழா எடுக்கிறது. ஒரு சிறுவன் வில்லைத் தொடுவது வீட்டுச் செய்தி மட்டும் அன்று. அது குடியின் பொறுப்பு.

பயிற்சி தொடங்கியதும் மறுநாளே வேட்டையா? இல்லை. வில்லும் பிற படைக்கலங்களும் முற்றக் கற்று, வளர்பிறை போல் வளர்ந்து, 16 ஆண்டின் நிறைவை எய்தியபின்னரே கன்னி வேட்டை. அவ்வயதைக் குறிக்குமிடத்தில் சேக்கிழார் ஆண்டுக் கணக்கோடு நில்லாமல் ‘செவ்வி’ என்ற சொல்லை உடன் வைக்கிறார். செவ்வி என்பது பதம், பக்குவம், ஏற்ற காலம். மலருக்குச் செவ்வி உண்டு. கனிக்குச் செவ்வி உண்டு. நாட்காட்டியைப் பார்த்து எவரும் மலரின் செவ்வியை அறிவதில்லை. மலரைப் பார்த்தே அறிகின்றனர். தழல் மூட்டிக் காயைக் கனியாக்கலாம். ஆனால் அதற்குச் செவ்வி வந்துவிட்டது என்று சொல்ல இயலாது.

வேட்டைக்கான அழைப்பும் தந்தையின் பெருமையிலிருந்து பிறக்கவில்லை. நாகன் மூப்படைந்துவிட்டான். திங்கள்தோறும் நடைபெற்ற வேட்டை தடைப்பட்டது. விலங்குகள் பெருகி மலைப்புனங்களை அழித்தன. வேடர்கள் முறையிட வந்தபோது, ‘முன்போல் என்னால் இயலாது, என் மகனைத் தலைவனாகக் கொள்ளுங்கள்’ என்று நாகன் தன் இயலாமையை ஊர் முன் ஒப்புக்கொள்கிறான். தேவராட்டியை வரவழைத்து வாழ்த்துப் பெற்ற பின்னரே மகனிடம் பொறுப்பைக் கொடுக்கிறான். திண்ணனோ துள்ளிக் குதிக்கவில்லை. தந்தையின் தளர்வை எண்ணி வருந்துகிறான். குடியின் குறையை நிரப்ப வேண்டும் என்ற எண்ணத்தால் மறுக்காமல் ஏற்கிறான். ஆசையால் புறப்பட்டவன் அல்லன் அவன், கடமையால் புறப்பட்டவன்.

எதைக் கொல்லாதிருப்பது?

அக்கன்னி வேட்டையைப் பாடும்போது, ஆரவாரம் மிக்க பாடல்களுக்கு இடையே, சேக்கிழார் அமைதியான ஒரு செய்தியை வைக்கிறார். அவ்வேடர்கள் யானைக் கன்றுகளைத் தொடரவில்லை. சிறு குட்டிகளைக் கொல்லவில்லை. கருவுற்றுத் தளர்ந்து நடக்கும் பெண் விலங்குகளின் மேல் கணை தொடுக்கவில்லை.

வேட்டைத் தகுதியின் உச்சி இதுவே. இலக்கைத் தாக்குவது கையின் திறம். இலக்கு கண்முன் நிற்க, நாண் செவிவரை இழுபட்டிருக்க, ‘இது கூடாது’ என்று கையை அடக்குவது அறிவின் திறம். முன்னதைச் சில திங்களில் கற்பிக்கலாம். பின்னதைக் கற்பிக்க ஆண்டுகள் வேண்டும். ஐந்து வயதில் குட்டிகளை முற்றத்தில் கட்டி வளர்த்த சிறுவனுக்கே 16இல் குட்டிகளை விட்டுவிடத் தெரியும். அந்த இடைப்பட்ட ஆண்டுகளை வீண் காத்திருப்பு என்று கருதுவோர், வேட்டையை அறியாதவர்.

பின்னர், வலையறுத்து ஓடிய பன்றியைத் திண்ணன் தொடர்ந்தபோது, நாணனும் காடனும் உடன் ஓடினர். முதல் வேட்டையில் தனியே விடப்பட்டவன் அல்லன் அவன். இதனையும் குறித்துக்கொள்வோம்.

புறநானூற்றுத் தாயைச் சான்றுக்கு அழைப்போர்

இவ்வளவும் சொன்னபின், எதிர்வாதம் ஒன்று எழும். ‘ஒரே மகனைப் போர்க்களத்துக்கு அனுப்பிய தாய் புறநானூற்றில் இல்லையா? காற்கிண்கிணி கழற்றிய அன்றே போர்க்கழல் அணிந்த பாண்டியன் இல்லையா? தமிழ் மரபே பிள்ளையை விரைந்து களத்துக்கு அனுப்பும் மரபு அன்றோ?’ என்பர்.

அப்பாடல்களை முழுமையாகப் படிக்க வேண்டுகிறேன். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 279ஆம் பாட்டில் அத்தாயின் தந்தை முன்பொரு போரில் மடிந்தார். கணவன் முந்திய நாள் மடிந்தான். எஞ்சியவன் அம்மகன் ஒருவனே. அனுப்புவதற்கு வேறு எவரும் இல்லாத வீட்டின் பாட்டு அது. அவள் துணிவைக் கண்டு புலவர் நடுங்கி வியக்கிறார். எல்லாத் தாயரும் அவ்வாறு செய்க என்று விதி வகுக்கவில்லை. இடைக்குன்றூர் கிழார் 77ஆம் பாட்டில் காட்டும் இளம் நெடுஞ்செழியனும் அத்தகையவனே. ‘இவன் யார்?’ என்று புலவர் வியப்பதனாலேயே அது பாட்டாயிற்று. ஊரில் எல்லாச் சிறுவரும் அவ்வாறு செய்திருந்தால், வியக்க என்ன இருக்கிறது? விதிவிலக்கைப் பாடிய கவிதையை விதியாக்குவது இலக்கியப் பயிற்சி இன்மையின் விளைவு.

விதியைக் காண விரும்புவோர் பொன்முடியாரின் 312ஆம் பாட்டைப் படிக்கட்டும். அங்கே கடமைகள் வரிசைப்படுகின்றன. பெற்று வளர்ப்பது தாய்க்கு. பண்பில் நிறைந்தவனாக்குவது தந்தைக்கு. படைக்கலம் வடிப்பது கொல்லனுக்கு. நல்லொழுக்கம் அளிப்பது அரசனுக்கு. இத்தனை பேரும் தத்தம் கடனைத் தீர்த்தபின், ஐந்தாவதாக வருவதே இளைஞனின் கடன். அதுவும் களிற்றை வீழ்த்துவதோடு முடியவில்லை. மீண்டு வருவதும் அதில் அடங்கும். முதல் நால்வரும் தம் கடனை அரைகுறையாக விட்டுவிட்டு ஐந்தாமவனை மட்டும் களத்துக்குத் தள்ளுவது எந்த மரபு?

‘சேக்கிழார் வேடர் அல்லரே?’

மற்றொரு மறுப்பும் உண்டு. ‘சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டுச் சோழ அமைச்சர். அவர் வேட்டையை நேரில் அறிந்தவரா? இஃது அடியார் புராணம். உண்மை வேடர் வாழ்க்கைக்குச் சான்றாகுமா?’ என்பது அது. இம்மறுப்பை மதிக்கிறேன். ஆகவே உண்மை வேடர்களையே கேட்போம்.

ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலையில் வேட்டையாடி வாழ்ந்த ஜூவான்சி மக்களைப் பற்றி விரிவான பதிவுகள் உள்ளன. அங்கே சிறுவர் நடக்கத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே விளையாட்டு வில்லோடு வண்டுகளைக் குறிபார்த்துத் திரிவர். ஆனால் பெரியவர்களின் அம்புகள், வண்டுப் புழுவிலிருந்து எடுக்கும் கொடிய நஞ்சு பூசப்பட்டவை. அவை சிறுவர் கைக்கு எட்டா. நச்சம்பால் முதல் பெருமானை வீழ்த்துவது பதின்பருவத்தின் பிற்பகுதியிலோ அதற்குப் பின்னரோதான். அப்போது மூத்த வேட்டுவர் அவன் உடலில் சிறு கீறல்களிட்டுச் சடங்கு செய்வர். அதன் பின்னரே அவன் திருமணத்துக்கு உரியவன். வடதுருவப் பகுதியின் இன்யூட் மக்களிடையே, பிள்ளை முதன்முதலாகப் பெற்ற வேட்டைப்பொருளைப் பிறர்க்குப் பகிர்ந்து கொடுக்கும் வழக்கம் உண்டு. முதல் வெற்றி அவனுடையது. முதல் உணவு ஊருடையது.

2020ஆம் ஆண்டில் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ என்னும் அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. உலகின் 40 இடங்களில், 1,800க்கும் மேற்பட்டோர் ஆடிய வேட்டைகளின் ஏறத்தாழ 23,000 பதிவுகளை ஆராய்ந்த அறிஞர்கள், வேட்டைத் திறன் சராசரியாக 30க்கும் 35க்கும் இடைப்பட்ட வயதில்தான் உச்சத்தை அடைகிறது என்று கண்டனர். உடல் வலிமை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே முதிர்ந்துவிடுகிறது. எஞ்சியது எதற்கு? தடம் அறிய, காற்று அறிய, விலங்கின் மனம் அறிய, பொறுத்திருக்க. 30இல் முதிரும் ஒரு திறனை ஐந்தில் அறுவடை செய்ய நினைப்பவர், பயிரையும் அறியார், பருவத்தையும் அறியார்.

சேக்கிழார் வேடர் அல்லர் என்பது உண்மை. ஆனால் விளையாட்டு முதலில், துணைவர் எப்போதும், பெரியோர் சூழ, கொலை இறுதியில் என்ற வரிசையை அவர் தவறவிடவில்லை.

‘தந்தையே அறிவான்’ என்னும் வாதம்

இன்னும் ஒரு சாரார் உள்ளனர். ‘எண் எதற்கு? மரபு எதற்கு? என் பிள்ளையை நான் அறிவேன். அவன் எப்போது தயார் என்று நானே முடிவு செய்வேன்’ என்பது அவர்கள் வாதம். இவ்வாதம் வென்ற இடமும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வழிகாட்டியுடன் வேட்டைக்குச் செல்லும் சிறுவர்க்கு 10 வயது என்ற கீழெல்லை இருந்தது. 2017ஆம் ஆண்டு நவம்பரில் அவ்வெல்லையைச் சட்டம் நீக்கியது. பெரியவருக்கும் சிறுவருக்கும் சேர்த்து ஒரே படைக்கலம் என்ற கட்டுப்பாடும் அதோடு நீங்கியது. பிள்ளை எப்போது தயார் என்பதைப் பெற்றோரே அறிவர் என்று ஆதரவாளர்கள் கூறினர். நடந்தது என்ன? ஒரு வயதும் நிறையாத குழந்தைகளின் பெயரிலும் வேட்டை உரிமம் வாங்கப்பட்டதாகச் செய்தி வந்தது.

அக்குழந்தைகள் எவரும் துப்பாக்கி ஏந்தியிருக்க மாட்டார்கள். உரிமத்தை நினைவுச் சின்னமாக வாங்கியிருப்பர் என்று கொள்வோம். அதுவே என் கருத்துக்கு வலிமை சேர்க்கிறது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் பெயரில் உரிமம் வாங்குவது யாருடைய வேட்கை? பிள்ளையினுடையதா? பெற்றோர் பிள்ளையை அறிவர் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெற்றோரின் பெருமையும் ஆசையும் அவர்கள் கண்ணை மறைக்கும் என்பதையும் எவரும் மறுக்க இயலாது. ஆகவேதான் நாகன், தலைவனாக இருந்தும், தனியே முடிவு செய்யவில்லை. முதியவர்களை அழைத்தான்; ஊரைக் கூட்டினான்; தேவராட்டியைக் கேட்டான். எண் மட்டும் போதாது. தந்தையின் விருப்பம் மட்டும் அறவே போதாது.

நம் வீடுகளில்

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்கள் நாம். வந்த இடத்தில் நிலமில்லை, சுற்றமில்லை. கல்வி ஒன்றே துணை என்று நம்பி வாழ்ந்தவர்கள். அந்நம்பிக்கையை நான் குறை கூறேன். ஆனால் அதிலிருந்து ஓர் அச்சம் பிறந்திருக்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளை முந்திவிடுமோ என்னும் அச்சம். அதனால் நுழைவுத் தேர்வு என்னும் வேட்டைக்கு நம் பிள்ளைகளை ஆண்டுக்கு ஆண்டு முன்கூட்டியே அனுப்புகிறோம். ஆறாம் வகுப்பிலேயே பயிற்சி நிலையத்தில் சேர்ப்பதும், பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் தொலைதூர நகர் ஒன்றின் விடுதியறையில் விட்டுவருவதும் பெருமைக்குரிய செயல்களாகிவிட்டன. கோட்டா நகரிலிருந்து வந்த துயரச் செய்திகளைப் படித்து வருந்திய அதே மாலையில், பயிற்சிக் கட்டணத்தைக் கணக்கிட்டவர்கள் நம்மில் இல்லையா?

2024ஆம் ஆண்டு ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் பயிற்சி நிலையங்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 16 வயது நிரம்பாத மாணவரைச் சேர்த்தல் கூடாது. அல்லது பள்ளி இடைநிலைத் தேர்வுக்குப் பின்னரே சேர்க்க வேண்டும் என்று அது கூறிற்று. செய்தியைப் படித்தபோது திண்ணனாரின் வயதே என் நினைவுக்கு வந்தது. எண் ஒத்திருப்பது தற்செயல்தான். ஆனால் 16 என்ற எண்ணைச் சட்டம் தரலாம். செவ்வியைச் சட்டம் தர இயலாது. 15 வயதும் 11 திங்களும் வரை பிள்ளையை விளையாடவும் விடாமல், தோற்கவும் விடாமல், தனக்கு எது பிடிக்கும் என்று அறியவும் விடாமல் வைத்திருந்து, பிறந்தநாளன்று வேட்டைக்கு அனுப்பினால், அவன் செவ்வி எய்தியவன் ஆகான்.

நாகனுக்கு இருந்து நமக்கு இல்லாதது ஒன்று உண்டு. அவனைச் சுற்றி முதியவர்கள் இருந்தனர். நம் நகர வீடுகளில் தாத்தாவும் பாட்டியும் கோடை விடுமுறையில் வந்துபோகும் விருந்தினர். மாமனும் சித்தப்பனும் தொலைபேசிக் குரல்கள். பிள்ளையின் செவ்வியைத் தந்தையைவிட நடுநிலையோடு பார்க்கக்கூடிய கண்கள் வீட்டில் இல்லை. இங்கேதான் தமிழ்ச் சங்கங்களுக்குப் பணி இருக்கிறது. பரிசுக் கோப்பை வழங்குவதோடு அப்பணி முடிவதில்லை. ‘இப்பிள்ளைக்கு இன்னும் இரண்டாண்டு கொடுங்கள்’ என்று ஒரு தந்தையிடம் உரிமையோடு சொல்லக்கூடிய பெரியவர் சிலர் ஒவ்வொரு சங்கத்திலும் இருந்தால், அச்சங்கம் உடுப்பூரின் வேலையைச் செய்கிறது என்பேன்.

பெற்றோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை கடினமானவை அல்ல. என் பிள்ளைக்கு அஞ்ச வேண்டியது எது என்று தெரியுமா? அடங்க வேண்டிய இடத்தில் கையை அடக்கத் தெரியுமா? வேட்டையில் இரை தப்பினால் வீடு திரும்பலாம் என்ற உறுதியை நான் கொடுத்திருக்கிறேனா? உடன் ஓட நாணனும் காடனும் உளரா? அவன் புறப்படுவது குடியின் தேவைக்காகவா, என் பெருமைக்காகவா? இவ்வினாக்களுள் பெரும்பாலானவை பெற்றோரையே நோக்கியிருப்பதைக் காணலாம். வேட்டைக்குத் தகுதித் தேர்வு என்று ஒன்று இருந்தால், அதில் முதலில் அமர வேண்டியவன் மகன் அல்லன், தந்தை.

இறுதியாக ஒன்று. அத்தனை கவனத்தோடு நாகன் அனுப்பிய கன்னி வேட்டை எங்கே முடிந்தது? பன்றியைத் துரத்திய திண்ணன் காளத்தி மலையைக் கண்டான், பொன்முகலியாற்றைக் கடந்து மலையேறினான், குடுமித்தேவரைக் கண்டான், திரும்பி வரவில்லை. நாகனும் தேவராட்டியும் வந்து அழைத்தும் பயனில்லை. வேடர் தலைவனாக வேண்டியவன் நாயனாரானான். பிள்ளை புறப்படும் நாளைப் பெற்றோர் குறிக்கலாம். அவன் சென்று சேரும் மலையைக் குறிக்க இயலாது. அதை உணர்ந்த பெற்றோர்க்கு அவசரம் குறையும்.

அன்று மேடையில் அழுத குழந்தை இப்போது வளர்ந்திருக்கும். அதற்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. விழா நடத்தும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த ஆண்டும் ஐந்து வயதுப் பிள்ளைகள் திண்ணனாராக வரட்டும். வில் வேண்டா, அம்பு வேண்டா, மீசை வேண்டா. கையில் ஒரு நாய்க்கயிறும் உடன் ஓட நான்கு தோழரும் போதும். சேக்கிழார் காட்டிய ஐந்து வயதுத் திண்ணனார் அவரே.